குணசாலியும் பராக்கிரமசாலியும்

எங்கள் வீட்டு முன்னறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வசனம் தொங்கும். நீல வெல்வெட் துணியில் வெள்ளி ஜிகினா எழுத்து. நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம், 10ஆம் வசனம். குணசாலியான ஸ்திரீயை முத்துகளோடு ஒப்பிடும் அந்த வசனத்தை அறியாத தமிழ்க் கிறிஸ்தவப் பெண் இருப்பது அரிது. அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பரிசு அது. என் கல்யாணத்துக்கும் அதே வசனம் வந்தது, ஒரு சுவர்க் கடிகாரத்திலும் இரண்டு வாழ்த்து மடல்களிலும். என் கணவருக்கு அப்படி ஒரு வசனத்தை யாரும் சட்டம் போட்டுத் தரவில்லை. அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

சித்தியின் வாழ்க்கையைத் திரும்ப நினைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. சித்தி தொடக்கப்பள்ளி ஆசிரியை. 1990களின் தொடக்கத்தில் ஒரு நாள் இரவு, வீங்கிய கண்ணும் இடுப்பில் குழந்தையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அது முதல் முறை அல்ல. மூன்றாம் நாள் சபையின் போதகரும் இரண்டு மூப்பர்களும் வந்தார்கள். ஜெபம் செய்தார்கள். வேதாகமத்தைத் திறந்து எபேசியர் 5ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். "கோபக்காரருதான், ஆனா குடிக்கிறவரு இல்லியேம்மா. நீ கொஞ்சம் தாழ்ந்து போ. ஆண்டவர் அவரை மாத்துவாரு" என்றார் போதகர். தாத்தா தலையாட்டினார். பாட்டி அழுதுகொண்டே தலையாட்டினாள். மறுநாள் காலை அப்பாவே சித்தியைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். எனக்கு அப்போது பதினோரு வயது.

அந்த முன்னறையில் இருந்தவர்கள் யாரும் கொடியவர்கள் இல்லை. வேதத்தின்படி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியதாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நான் இங்கே கேள்விக்கு உட்படுத்துகிறேன். வேதத்தின்படி என்றால் வேதத்தின் எந்தப் பகுதியின்படி? அதை யார் தேர்ந்தெடுத்தார்கள்? அது எந்தச் சொற்களில் தமிழுக்கு வந்தது?

பரிசாக வரும் புத்தகங்கள்

நம் சபைகளில் திருமணம் நிச்சயமான பெண்ணுக்கு ஒரு புத்தகம் கைக்கு வரும். ஐயரம்மா கொடுப்பார், அல்லது பெண்கள் ஐக்கிய சங்கத்தின் மூத்த அக்கா ஒருவர் கொடுப்பார். மெல்லிய புத்தகம். அட்டையில் இரண்டு மோதிரங்கள், அல்லது இரண்டு புறாக்கள். உள்ளே வேதத்தின்படி கிறிஸ்தவக் குடும்பத்தைக் கட்டுவது எப்படி என்ற போதனை. இதுவரை பத்துப் பதினைந்து படித்திருப்பேன். எழுதியவர்கள் வேறுவேறு ஆட்கள், வேறுவேறு சபைப் பிரிவுகள். அமைப்பு மட்டும் ஏறக்குறைய ஒன்றே.

ஏதேன் தோட்டத்தில் தொடங்கும். பிறகு கணவனுக்கு ஒரு அதிகாரம், மனைவிக்கு ஒரு அதிகாரம். கணவனுக்கானது சிறியது: அன்பாயிரு, குடும்ப ஜெபத்தை நடத்து, வருமானத்துக்குள் வாழக் கற்றுக்கொடு. மனைவிக்கானது நீண்டுகொண்டே போகும். அதிகாலையில் எழுதல், குரலைத் தாழ்த்துதல், கணவனின் பெற்றோரைப் பேணுதல், அலங்காரத்தைக் குறைத்தல், குறைகளைப் பிறந்த வீட்டில் சொல்லாதிருத்தல், அவர் விரும்பும்போது மறுக்காதிருத்தல். கணவன் தவறினால் என்ன செய்வது என்ற இடத்திலும் அறிவுரை மனைவிக்குத்தான்: ஜெபி, பொறு, காத்திரு.

இந்த நூல்களில் நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை. குடிக்காதே என்கின்றன, கடன் வாங்காதே என்கின்றன, பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசு என்கின்றன. அதைக் கேட்டுத் திருந்திய ஆண்களை நான் அறிவேன். ஆனால் இந்த நூல்களின் பக்கக் கணக்கை எபேசியர் நிருபத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே மனைவிகளுக்குச் சொல்லப்படுவது மூன்று வசனங்கள், 22 முதல் 24 வரை. கணவர்களுக்குச் சொல்லப்படுவது அதன்பின் அந்த அதிகாரம் முடியும்வரை நீள்கிறது. தன் உடலை நேசிப்பதுபோல மனைவியை நேசிக்க வேண்டும், அவளுக்காக உயிரையும் கொடுக்க வேண்டும் என்ற அளவுக்குப் போகிறது. வேதத்தை அப்படியே பின்பற்றுவதாகச் சொல்லும் புத்தகம், வேதம் ஆணிடம் நீளமாகப் பேசியதைச் சுருக்கிவிட்டு, பெண்ணிடம் சுருக்கமாகச் சொன்னதை நீட்டி எழுதுகிறது.

சித்தியின் முன்னால் அன்று வாசிக்கப்பட்டதும் அந்த மூன்று வசனங்கள்தான். சித்தப்பாவிடம் போய் 25ஆம் வசனத்தை வாசித்ததாக யாரும் சொல்லி நான் கேள்விப்படவில்லை.

ஒரே சொல், இரண்டு தமிழ்

முன்னறை வசனத்துக்கு வருகிறேன். நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தின் 10 முதல் 31 வரையிலான இருபத்திரண்டு வசனங்கள் எபிரேயத்தில் ஒரு பாட்டு. எபிரேய நெடுங்கணக்கில் இருபத்திரண்டு எழுத்துகள். ஒவ்வொரு வசனமும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்குகிறது. ஔவையின் ஆத்திசூடியை அகர வரிசையில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு பெண்ணை 'அ' முதல் கடைசி எழுத்துவரை பாராட்டுவதாக அமைந்த பாட்டு.

இந்தப் பெண்ணை எபிரேயம் 'எஷெத் ஹாயில்' என்கிறது. எஷெத் என்றால் பெண், மனைவி. ஹாயில் என்றால் வலிமை, ஆற்றல். படை, செல்வம் என்ற பொருளும் உண்டு. பழைய ஏற்பாட்டில் போர்வீரர்களைப் பற்றிப் பேசும் இடங்களில் அடிக்கடி வரும் சொல். நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தில் தேவதூதன் கிதியோனை அழைக்கும்போது வருவது இதே ஹாயில்தான். அங்கே நம் தமிழ் வேதாகமம் அதைப் 'பராக்கிரமசாலி' என்று பெயர்க்கிறது. ரூத்தின் கதையில் போவாஸ் அறிமுகமாகும் இடத்திலும் இதே சொல். அங்கே தமிழில் 'ஆஸ்திக்காரன்'. அடுத்த அதிகாரத்தில் அதே போவாஸ் ரூத்தைப் பார்த்து இதே சொல்லைச் சொல்கிறான். இப்போது தமிழில் 'குணசாலி'.

ஆணிடம் இருந்தால் பராக்கிரமம் அல்லது ஆஸ்தி. பெண்ணிடம் இருந்தால் குணம்.

கிறிஸ்துவுக்கு முன்பே செய்யப்பட்ட பழைய கிரேக்கப் பெயர்ப்பு இந்தப் பெண்ணைத் துணிவுள்ளவள் என்ற பொருளில் சொன்னது. இலத்தீன் பெயர்ப்பும் வலிமையுள்ள பெண் என்றே சொன்னது. 1611இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் பெயர்ப்பு நற்குணத்தைக் குறிக்கும் சொல்லைத் தேர்ந்தது. அந்த ஆங்கிலச் சொல்லில் அப்போது ஆற்றல் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருந்தது. காலப்போக்கில் அது உதிர்ந்து ஒழுக்கம் மட்டும் எஞ்சியது. தமிழும் அந்தப் பக்கமே சாய்ந்தது. நம் வீடுகளில் இன்றும் வாசிக்கப்படும் தமிழ் வேதாகமம் ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்த பெயர்ப்பை அடியொற்றியது. அந்தக் குழுவில் பெண்கள் இல்லை. அவர்கள் வஞ்சகமாக எதையும் செய்தார்கள் என்று நான் கருதவில்லை. ஒரு பெண்ணைப் பார்த்து 'பராக்கிரமசாலி' என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் தோன்றியிருக்காது. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சொல்லின் விளைவு அதைச் சொன்னவரின் மனத்தோடு முடிவதில்லை. தமிழ்ப் பெண் பார்க்கும் படலத்தில் 'குணம்' என்றால் என்ன பொருள் என்பதை நாம் எல்லாரும் அறிவோம். எதிர்த்துப் பேசாதவள், அமைதியானவள், குடும்பத்துக்கு அடங்கினவள். 'குணமான பொண்ணு' என்று தரகர் சொன்னால் அவள் நிலம் வாங்கி விற்பதில் கெட்டிக்காரி என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. ஆனால் அந்தப் பாட்டில் வரும் பெண் அதைத்தான் செய்கிறாள். ஒரு வயலைப் பார்த்து மதிப்பிட்டு வாங்குகிறாள். தன் வருமானத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள். துணி நெய்து வணிகர்களுக்கு விற்கிறாள். வேலையாட்களுக்கு வேலை பகிர்ந்து தருகிறாள். வாய் திறந்து ஞானத்தோடு பேசுகிறாள். மௌனமாக இருப்பதற்காக அவளை அந்தப் பாட்டு ஓரிடத்திலும் பாராட்டவில்லை.

அந்த 31ஆம் அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். லேமுவேல் என்ற அரசனுக்கு அவன் தாய் சொன்ன புத்திமதி அது. குடியை விடு, பேச முடியாதவர்களுக்காக நீ பேசு, ஏழைக்கு நியாயம் செய் என்று ஒரு தாய் மகனிடம் சொல்கிறாள். அதன் தொடர்ச்சியாகவே இந்தப் பாட்டு வருகிறது. யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலை, ஓய்வுநாள் தொடங்கும் வேளையில், கணவன் மனைவியைப் பார்த்து இதைப் பாடும் வழக்கம் இருக்கிறது. அங்கே இது ஆண் மனப்பாடம் செய்யவேண்டிய நன்றிப் பாட்டு. நம்மிடம் பெண் மனப்பாடம் செய்யவேண்டிய வேலைப் பட்டியலாகிவிட்டது.

சித்தியின் சம்பளம் மாதந்தோறும் சித்தப்பாவின் கையில்தான் போனது. அந்தப் பணத்தில் ஊருக்கு வெளியே ஐந்து சென்ட் மனை வாங்கினார்கள். பத்திரம் சித்தப்பா பெயரில். அந்தப் பாட்டின் கடைசி வசனம், அவளுடைய கைகள் சம்பாதித்ததை அவளிடமே கொடுக்கச் சொல்கிறது. அதை யாராவது வெல்வெட் துணியில் எழுதிச் சட்டம் போட்டு நான் பார்த்ததில்லை.

துணை, தலை, கீழ்ப்படிதல்

திருமணப் பிரசங்கங்களில் தவறாமல் வரும் இன்னொரு சொல் 'துணை'. ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் மனிதனுக்கு ஏற்ற துணையாகப் பெண் உண்டாக்கப்பட்டாள் என்பதிலிருந்து, அவள் அவனுக்கு உதவியாள் என்ற முடிவுக்குப் பிரசங்கி ஒரே எட்டில் வந்துவிடுவார். மூலத்தில் உள்ள சொல் 'ஏசெர்'. பழைய ஏற்பாட்டில் இந்தச் சொல் வரும் இடங்களில் பெரும்பாலானவை கடவுளைக் குறிப்பவை. ஆபத்தில் வந்து நிற்கிற வல்லமையான உதவி என்பது பொருள். நம் தமிழ் வேதாகமமே 33ஆம் சங்கீதத்தில் கடவுளைத் 'துணை' என்று சொல்கிறது.

இன்னும் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நம் ஊர்களில் எத்தனை வீட்டு வாசலில் 'எபெனேசர்' என்று பொறித்திருக்கிறார்கள்! எத்தனை பையன்களுக்கு அந்தப் பெயர்! உதவியின் கல் என்பது அதன் பொருள். அதன் பின்பாதியில் இருப்பது இதே ஏசெர்தான். வாசலில் இருக்கும்போது கடவுளின் வல்லமை. உள்ளே அடுக்களைக்குப் போனதும் கைவேலைக்கு ஆள். அமெரிக்க வேதாகம ஆய்வாளர் ஃபில்லிஸ் டிரிபிள் 1970களில் ஆதியாகமத்தின் இந்தப் பகுதியை மறுவாசிப்பு செய்தபோது இந்தச் சொல்லில் தாழ்வு எதுவும் இல்லை என்று காட்டினார். பெண்ணிய இறையியல் படிக்கும் மாணவிகள் அங்கிருந்து தொடங்கலாம்.

அதே அதிகாரத்தின் 24ஆம் வசனம் எல்லாத் திருமண ஆராதனையிலும் கேட்கப்படுவது. தாய் தகப்பனை விட்டுவிட்டு மனைவியோடு சேர்ந்திருக்க வேண்டியவன் ஆண் என்கிறது. அதைக் கேட்டு எல்லாரும் ஆமென் சொல்கிறோம். மாலையில் பெண் பெட்டியோடு மாமியார் வீட்டுக்குப் போகிறாள். வேதத்தின்படிதான் குடும்பம் என்று அடம்பிடிக்கும் எந்த மாப்பிள்ளை வீட்டாரும் இந்த வசனத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த இடத்தில் மட்டும் வேதத்தைவிட ஊர் வழக்கம் பெரிது.

எபேசியருக்கு மறுபடியும் வருகிறேன், ஏனென்றால் சித்தியை அனுப்பிவைத்தது அதுதான். மனைவிகளின் கீழ்ப்படிதலைச் சொல்லும் 22ஆம் வசனத்துக்கு முன்னால் 21ஆம் வசனம் இருக்கிறது. அது எல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவதைப் பற்றியது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்துக்குத் தனியாக வினைச்சொல்லே கிடையாது. முந்தைய வசனத்தின் வினையை வைத்துக்கொண்டுதான் அது நிற்கிறது. 21ஐ விட்டுவிட்டு 22ஐ வாசிப்பவர்கள், வாக்கியத்தை நடுவில் வெட்டி வாசிக்கிறார்கள்.

அந்தப் பகுதி 5ஆம் அதிகாரத்தோடு முடிவதும் இல்லை. மனைவி-கணவன், பிள்ளை-தகப்பன், அடிமை-எஜமான் என்ற மூன்று ஜோடிகளாக 6ஆம் அதிகாரம்வரை போகிறது. வீட்டை இந்த மூன்று ஜோடிகளாகப் பார்ப்பது கிறிஸ்தவம் கண்டுபிடித்தது அல்ல. அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே அரிஸ்டாட்டில் தன் அரசியல் நூலில் வீட்டு நிர்வாகத்தை இப்படித்தான் பிரிக்கிறார். கிரேக்க, ரோம உலகின் வீட்டு ஒழுங்கு அது. புதிய விசுவாசிகள் அந்த ஒழுங்குக்குள்தான் வாழ்ந்தார்கள். நிருபம் அவர்களிடம் பேசுகிறது.

மூன்றாவது ஜோடியைத் தமிழில் வாசிப்பவர்கள் எளிதில் கவனிக்க மாட்டார்கள். காரணம், அங்கே கிரேக்க மூலத்தில் அடிமை என்று பொருள்படும் சொல்லைத் தமிழ் வேதாகமம் 'வேலைக்காரர்' என்று பெயர்த்திருக்கிறது. அதே சொல் கலாத்தியர் 3ஆம் அதிகாரத்தில் வரும்போது 'அடிமை' என்றே இருக்கிறது. அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்த பண்ணை முதலாளிகளும் அவர்களுக்குப் பிரசங்கித்தவர்களும் இந்த வசனங்களைத்தான் எடுத்துக் காட்டினார்கள். இன்று அடிமை முறையை வேதத்தின்படியான ஒழுங்கு என்று எந்தப் பிரசங்க மேடையிலும் சொல்ல முடியாது. அந்தக் காலத்து வழக்கம் என்று எளிதாகக் கடந்துபோகிறோம். அதே பட்டியலின் முதல் ஜோடியை மட்டும் என்றென்றைக்குமான கட்டளை என்கிறோம். ஒரே பட்டியலில் ஒன்று காலத்துக்கு உட்பட்டது, மற்றொன்று நித்தியம் என்று பிரித்தது வேதம் இல்லை. வாசிக்கிறவர்கள் பிரித்தார்கள்.

ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்திலும் இதே பிரிப்பு நடக்கிறது. ஆண் பெண்ணை ஆளுவான் என்பது தோட்டத்தில் தவறு நடந்த பிறகு வரும் விளைவுகளில் ஒன்று. நிலத்தில் முள்ளும் முட்செடியும் முளைப்பதும், நெற்றி வியர்க்க உழைப்பதும், பிரசவ வேதனையும் அதே பட்டியலில் இருக்கின்றன. முள்ளை வெட்டுவதைப் பாவம் என்று எந்த விவசாயியிடமும் யாரும் சொன்னதில்லை. டிராக்டர் வாங்கினால் போதகரே வந்து ஜெபித்துத் தொடங்கி வைக்கிறார். 1847இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தபோது, வேதனையோடு பெறுவதுதான் வேதம் என்ற எதிர்ப்பும் கிளம்பியது. அவர் அதற்கு வேதத்திலிருந்தே பதில் எழுத வேண்டியிருந்தது. 1853இல் விக்டோரியா அரசியே பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் எடுத்துக்கொண்ட பிறகு வாதம் ஓய்ந்துபோனது. முள் போகலாம், வியர்வை குறையலாம், வலி தணியலாம். ஆணின் ஆளுகை மட்டும் அசையக் கூடாது என்றால், அதை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கை யாருடையது?

பணமும் சட்டமும்

வேதத்தின்படியான திருமணம் என்ற பேச்சு மொத்தமாக நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு: பணம். யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருடம் வேலை செய்தான். வேதத்தில் பரிசம் கொடுப்பவன் ஆண். நம் சபைகளில் மூன்று ஞாயிறு விவாக அறிவிப்பு வாசிப்பதற்கு முன்பே நகைக் கணக்கும் ரொக்கக் கணக்கும் முடிந்திருக்கும். வாங்குபவர் மாப்பிள்ளை வீட்டார். நான் படித்த திருமண நூல்களில் வரதட்சணைக்கு ஒரு பத்தி ஒதுக்கியவை உண்டு. கீழ்ப்படிதலுக்கு ஓர் அதிகாரமே இருந்தது.

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயின் முன்னால் வந்து நின்று, தகப்பனின் சொத்தில் பங்கு கேட்டார்கள். அவர்கள் கேட்பது சரி என்று கடவுளே சொல்வதாகக் கதை. யோபு புத்தகத்தின் முடிவில் யோபு தன் மகள்களுக்கும் மகன்களோடு சேர்த்துச் சொத்து கொடுக்கிறான். இவை வேதத்தில் இருக்கின்றன. ஆனால் கிறிஸ்தவர்களுக்கென்று திருவிதாங்கூரில் 1916இல் வந்த வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்கு மகனின் பங்கில் நாலில் ஒன்று, அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது என்றது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனவர் மேரி ராய். 1986இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மோசே காலத்துப் பெண்கள் ஒரே முறை கேட்டுப் பெற்றதை அவர் வழக்காடிப் பெற வேண்டியிருந்தது.

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்த காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு இருந்தது 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டம். மனைவியின் தகாத உறவு ஒன்றைக் காட்டினாலே கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவிக்கு அது போதாது. கணவனின் தகாத உறவோடு கொடுமையோ, விட்டு ஓடியதோ கூடச் சேர வேண்டும். கொடுமை மட்டும் நடந்திருந்தால் பிரிந்து வாழ ஆணை வாங்கலாமே தவிர, விவாகரத்து இல்லை. அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தின் வார்ப்பு அது. இங்கிலாந்து 1923இலேயே தகாத உறவைப் பொறுத்தவரை இருவருக்கும் ஒரே அளவுகோல் என்று மாற்றிக்கொண்டது. இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அது 2001இல்தான் வந்தது. ஆக, அந்த இரவில் சித்திக்குப் போக இடமில்லை என்று சொன்னது வேத வசனம் மட்டும் இல்லை. வசனமும் சட்டமும் வீடும் சேர்ந்து சொன்னது.

அப்படியானால் வேதம் நம் பக்கமா?

இவ்வளவு எழுதிய பிறகு ஒரு கேள்வி எனக்கே வருகிறது. அவர்கள் தங்களுக்கு ஏற்ற வசனங்களைப் பொறுக்கினார்கள். நான் எனக்கு ஏற்றவற்றைப் பொறுக்குகிறேனா?

வேதாகமம் பெண்ணிய நூல் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் ஆகாருக்குத் துரோகம் செய்தவளாவேன். சாராளின் சொல்லைக் கேள் என்று கடவுள் ஆபிரகாமிடம் சொல்லும் இடத்தைப் பெண்ணின் குரலுக்குச் சான்றாகக் காட்டலாம்தான். ஆனால் அந்தச் சொல் அடிமைப் பெண் ஆகாரையும் அவள் மகனையும் வனாந்தரத்துக்கு விரட்டிய சொல். நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்தில் ஒரு லேவியனின் மறுமனையாட்டி இரவு முழுவதும் சிதைக்கப்பட்டு, வாசற்படியில் கையை வைத்தபடி கிடக்கிறாள். அவளுக்குப் பெயர்கூட இல்லை. அவளும் கணவனை விட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். கணவன் வந்து அழைத்துப்போனதால் அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தவள். எந்தக் குடும்ப வழிகாட்டி நூலும் அவளைப் பற்றிப் பேசாது. செலொப்பியாத்தின் மகள்கள் பெற்ற உரிமைக்கும் 36ஆம் அதிகாரத்தில் ஒரு கடிவாளம் வருகிறது: சொந்தக் கோத்திரத்துக்குள்தான் மணம் செய்ய வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை வேறு. தேர்வு நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரசங்க மேடையில் நிற்பவரும் தேர்ந்தெடுக்கிறார், பெயர்த்தவரும் தேர்ந்தெடுத்தார், நானும் தேர்ந்தெடுக்கிறேன். அதை ஒப்புக்கொண்டால், 'வேதம் சொல்கிறது' என்ற ஒற்றை வாக்கியத்தால் ஒரு பெண்ணின் வாயை அடைக்க முடியாது. இந்த வாசிப்பால் யாருக்கு அடி விழுகிறது, யார் பிழைக்கிறார் என்று கேட்க வேண்டிவரும். வசனத்தைத் தேர்ந்தவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டிவரும். சித்தியைத் திருப்பி அனுப்பியதற்கு அன்று யாரும் பொறுப்பேற்கவில்லை. பொறுப்பு முழுவதையும் பவுல்மேல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பண்டித ராமாபாய் 1883இல் கிறிஸ்தவரானார். ஆனாலும் தனக்குக் கற்பிக்க வந்த மிஷனரிகள் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை, வாதிட்டார். பிற்காலத்தில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, முழு வேதாகமத்தையும் மராத்தியில் தானே பெயர்த்தார். 1922இல் இறக்கும்வரை அதே வேலையாக இருந்தார். சொற்களை ஆண்கள் கையில் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பது சமஸ்கிருதம் கற்றதற்காகத் தூற்றப்பட்ட குடும்பத்துப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

சித்தி இன்னும் பதினான்கு வருடம் அந்த வீட்டில் இருந்தாள். மகள் கல்லூரிக்குப் போன வருடம், வேறு ஊருக்குப் பணிமாறுதல் வாங்கிக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். விவாகரத்து கேட்கவில்லை. கேட்பதற்கு இனி என்ன இருக்கிறது என்றாள். ஓய்வூதியப் பணத்தில் ஒரு சின்ன வீடு வாங்கினாள். அந்தப் பத்திரத்தில் அவள் பெயர் இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறாள். இந்த எபிரேயச் சொற்களையெல்லாம் நான் ஒரு நாள் உற்சாகமாக விளக்கியபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் அப்பவே யாராவது சொல்லிருக்கலாம்லா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது எங்கள் சபையில் திருமணம் நிச்சயமான பெண்களிடம் பேச எப்போதாவது என்னை அழைக்கிறார்கள். நீதிமொழிகள் 31ஐ எடுத்துக்கொண்டுதான் போகிறேன். முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம்வரை வாசிக்கச் சொல்கிறேன். பிறகு சில கேள்விகள் கேட்கிறேன். உன் சம்பள அட்டை யார் கையில் இருக்கப் போகிறது? வாங்கும் மனை யார் பெயரில் பதிவாகும்? அவர் கை ஓங்கினால் முதலில் யாருக்குப் போன் செய்வாய்? 181 என்ற எண் உனக்குத் தெரியுமா? குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005இல் ஒரு சட்டம் வந்திருப்பது தெரியுமா? சிலர் சிரிக்கிறார்கள். சிலருடைய அம்மாக்கள் முகம் சுளிக்கிறார்கள். கல்யாண வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று ஒருவர் கேட்டார்.

இதுதான் கல்யாணத்துக்கு முன் பேசவேண்டிய பேச்சு. சித்தியிடம் யாரும் பேசாதது.